ஆறு மணிக்கு இறங்கும் விமானம்

தீபிகா ரிச்சர்ட்ஸ் டவுனில் குளோரியாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. உட்காரச் சொல்லக்கூட அவள் விடவில்லை.

"மேடம், எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கோவிந்தப்பா என் நீலப் பையை எடுத்துட்டான். எங்கம்மா குடுத்த நெக்லஸ் அதுலதான் இருக்கு. காலைல ஏழு அஞ்சுக்குப் பையோட லிஃப்ட்ல இறங்கறான், கேமராவுல இருக்கு. கேட்டா, 'தேவராணெ, கடவுள் சத்தியமா திருடலம்மா, வாக்கு குடுத்திருக்கேன், பெரியவரையே கேளுங்க'ங்கறான்."

பெரியவர் என்றது அவள் மாமனார் ரகுராமை. அன்று பகல் பதினொரு மணி விமானத்தில் அவர் சிங்கப்பூர் கிளம்பியிருந்தார். நான்கு மணிக்குள் உண்மை வராவிட்டால் கோவிந்தப்பாவைப் போலீசில் ஒப்படைப்பதென்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஸ்ரீகண்டன் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷ வேலையும் நல்ல பேரும் ஒரே நாளில் போய்விடும், பாவம்.

குளோரியா முப்பது வருஷம் விமான நிலையத்தில் பயண நேரம் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவர். லேசில் பதறமாட்டார்; அக்கம்பக்கத்தில் எந்தச் சிக்கலென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கும் சேர்த்துப் பதறுவது பக்கத்து வீட்டு ஜெயவேலுவின் வேலை. தீபிகா கொண்டுவந்த டிக்கெட் நகல் அதற்குள் ஜெயவேலு கைக்குப் போயிருந்தது.

"பதினொண்ணுக்குக் கெளம்பி ஆறுக்கு எறங்குது. ஏழு மணி நேரம் போன் ஆஃப்! நாலு மணிக்குள்ள எங்க கேக்கறது? ஆள் மாட்டினான்!"

"கொஞ்சம் சும்மா இருங்க, ஜெயவேலு. ஏம்மா, மாமனார் வீட்டை விட்டு எப்பக் கிளம்பினார்?"

"ஏழே முக்காலுக்கு. கேட்ல காரை நிறுத்தி கோவிந்தப்பாகிட்ட ஏதோ பேசினார். காலையிலேருந்து பஞ்சாங்கமும் கையுமா இருந்தார், நான்கூடக் கிண்டல் பண்ணேன். கடைசில தன் பையையே மறந்துட்டுப் போயிட்டார்."

"அதுவும் நீலமா?"

"ஆமா. ரெண்டும் ஒரே கடையில வாங்கினது."

குளோரியா செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூவரும் அபார்ட்மென்ட் காவலறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். கோவிந்தப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீகண்டன் கையில் போனோடு நின்றார்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம்" என்றார் குளோரியா. "அதுல வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாதுன்னா, முன்னாடியே ஒரு பையை வெளியே அனுப்பிடுவாங்க. பயணம் அப்பவே தொடங்கினதாக் கணக்கு. போற வழியில பையை வாங்கிப்பாங்க. ஏர்போர்ட்ல இந்தக் கதை எத்தனை கேட்டிருக்கேன்! மருமக கிண்டலுக்குப் பயந்து, யார்கிட்டயும் சொல்லாதேன்னு பெரியவர் வாக்கு வாங்கியிருக்கார். அவசரத்துல தன் பைன்னு நினைச்சு தீபிகா பையைக் குடுத்தனுப்பிட்டார்."

"அவரைக் கேக்கணுமே! ஆறு மணி ஆகுமே!" என்றார் ஜெயவேலு.

"அது அங்கே ஆறு. இங்கேருந்து சிங்கப்பூர் சுமார் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நாலரை மணி நேரம் போதும். அவங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி முன்னாடி. நம்ம மூணரைக்கு எறங்கியாச்சு. போடுங்க போனை."

மூன்று முறை இணைப்பே கிடைக்கவில்லை. ஸ்ரீகண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது மறுமுனையில் போன் அடித்தது.

"என்னம்மா, இப்பதான் எறங்கறேன்" என்றார் ரகுராம். "நீலப் பையா? கையிலதான் இருக்கு. கோவிந்தப்பா கேட்ல... அடக் கடவுளே, இதுல உன் நெக்லஸ் இருக்கே!"

தீபிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க கோவிந்தப்பா, திருடன்னு சொல்லிட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே பள்ளி வேன் ஓயாமல் ஹாரன் அடித்தது. திறந்துவிட வாசலில் ஆளில்லை. ஸ்ரீகண்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன கோவிந்தப்பா, பசங்க வந்தாச்சு. கேட்டைத் திறங்க."

கோவிந்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.