ஒதுங்காத ஃபியட்

குன்னத்தூர்ச் சந்திப்பை நெருங்கும்போது அந்தக் குரல் வந்துவிடும். “பெரிய ஊர்தி வருகிறது. தயவுசெய்து ஒதுங்கவும்” என்று காரில் பொருத்திய சாலையறிவி பணிவாகச் சொல்லும். கிருபாகரனும் தாத்தா காலத்து ஃபியட்டை ஒதுங்குதடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பெரிய ஊர்தி முன்னால் போகும். அதற்கும் இதே வேகம்தான். நாடு முழுவதும் எல்லா வண்டிக்கும் ஒரே வேகம். யார் முதலில் போவது என்பதில்தான் வித்தியாசம்.

எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த சட்டம் அது. பெரிய எஞ்சினை நிறுத்திக் கிளப்பினால் ஆற்றல் அதிகம் வீணாகிறது. ஆகவே சந்திப்புகளில் சிறியது நிற்கட்டும் என்றார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் மனிதர்கள் சீக்கிரமே வேறு கணக்குப் போட்டார்கள். எங்கும் நிற்காமல் போவதற்காகவே பெரிய எஞ்சின் வாங்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்பே வண்டியின் திறனைக் கேட்டார்கள். கையால் ஓட்டும் பழைய கார்களைச் சட்டம் விட்டுவைத்திருந்தது. ஆனால் ஒதுங்குவதிலிருந்து அவற்றுக்கும் விலக்கில்லை.

இன்று குன்னத்தூரில் குரல் வரவில்லை. நான்கு புறமும் வண்டிகள் ஓரங்கட்டி நிற்க, ஃபியட் நடுவே உறுமிக்கொண்டு போனது. கிருபாகரன் இருபுறமும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

முன்பு தங்கை தாரணியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு அவர் சீரோடு புறப்பட்டு, சந்திப்புக்குச் சந்திப்பு நின்று, மண்டபம் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. தாய்மாமன் கட்டவேண்டிய பட்டத்தை மணப்பெண்ணின் நெற்றியில் யாரோ ஒன்றுவிட்ட உறவுக்காரன் கட்டியிருந்தான். அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

இப்போது இளையவள் இனியாழின் கல்யாணம், சிவன்மலையில். இதற்காகவே சங்ககிரியில் கிடந்த பழைய ஜீப் எஞ்சின் ஒன்றை வாங்கி, மெக்கானிக் ஹனீபாவிடம் ஒப்படைத்தார். இருந்ததைப் போல இரண்டு பங்கு திறன். முன்பக்கம் அமுங்கிவிடும் என்று சொல்லி ஹனீபா ஸ்பிரிங்குகளை மாற்றினான். ரேடியேட்டரை நகர்த்தினான். அப்படியும் பானெட் மூடவில்லை. நடுவில் தகட்டைத் தட்டிப் புடைப்பு வைத்தான். எரிபொருளான கரும்புச் சாராயத்தை வண்டி முன்னைவிட இருமடங்கு குடித்தது. கிருபாகரன் யாரிடமும், தாரணியிடம்கூட, இதைச் சொல்லவில்லை. நேரத்துக்கு முன்பே மண்டபத்து வாசலில் போய் இறங்கினால் போதும், தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டார்.

ஊத்துக்குளிச் சந்திப்பிலும் வண்டிகள் அவருக்காக ஒதுங்கின. ஓரத்தில் ஒரு சிற்றூர்தி நின்றது. இருவர் முழங்கால் இடிக்க உட்காரும், தானே ஓடும் வாடகை வண்டி. அதன் முகப்பில் மல்லிகைச் சரம் தொங்கியது. கண்ணாடிக்குள் மணக்கோலத்தில் இனியாழ் இருந்தாள்.

கிருபாகரன் காரை ஒதுங்குதடத்துக்குத் திருப்பினார்.

“நீங்கள் ஒதுங்கத் தேவையில்லை” என்றது சாலையறிவி. அவர் எஞ்சினை அணைத்தார்.

தாரணி இறங்கி வந்தாள். வெகுநேரமாக அங்கேயே நிற்பதாகவும், முகூர்த்தநாள் ஆனதால் பெரிய வண்டிகள் ஓயாமல் வருவதாகவும், தங்கள் முறையே வரவில்லை என்றும் சொன்னாள். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி கூட இல்லை.

“ஏன் அம்மிணி, இந்தத் தீப்பெட்டியத்தான் புடிச்சியா? நல்ல வண்டி கெடைக்கலியா?”

உள்ளேயிருந்து இனியாழ் சொன்னாள்: “கெடச்சுதுங் மாமா. அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. உங்க ஃபியட்ட விடச் சின்னதா எது இருக்குதுன்னு கேட்டு இதப் புடிச்சாங்க. எங்க வண்டிக்கு நீங்க ஒதுங்கி நிக்கற மாதிரி ஆயிரக்கூடாதாமா. போன தடவ பட்டதே போதும்னாங்க.”

தாரணி அப்போதுதான் பானெட்டின் புடைப்பைக் கவனித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமுங்கண்ணா.”

“நீயும் சொல்லியிருக்கலாம்.”

பின்னால் இன்னொரு பெரிய வண்டி கடந்து போனது. கிருபாகரன் கதவைத் திறந்து, கார் நிறைய அடுக்கியிருந்த சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிற்றூர்திக்கு மாற்றத் தொடங்கினார். தாரணி தடுத்தாள். சீர் இல்லாமல் மாமன் வெறுங்கையோடு வாசலில் இறங்கினால் சம்பந்தி வீட்டார் காலத்துக்கும் பேசுவார்கள், அவர் வேண்டுமானால் முன்னால் போகட்டும், தாங்கள் எப்படியாவது வந்துவிடலாம் என்றாள்.

“பொண்ணில்லாத மண்டபத்துல சீர வெச்சு நான் என்ன பண்றது? நீ ஏறு சாமி.”

பட்டத்தை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மணப்பெண்ணும் தாயும் ஃபியட்டில் ஏறினார்கள். ஆளில்லாத சிற்றூர்தி தேங்காய், பழம், பட்டோடு தன் முறைக்காகக் காத்து நின்றது.

சிவன்மலை வரை சாலை வழிவிட்டது. வழியெல்லாம் நின்ற வண்டிகளை இம்முறை அவர் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சிலவற்றின் முகப்பிலும் பூச்சரம் இருந்தது. அவற்றின் முகூர்த்தம் எத்தனை மணிக்கோ.

மண்டபத்து வாசலில் நாதஸ்வரக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் இருக்கைகள்தான் இருந்தன.

“மாமன் சீரு எங்கீங்க?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

தாரணி வாயெடுப்பதற்குள் கிருபாகரன் முந்திக்கொண்டார். “பின்னால வருதுங்க. சின்ன வண்டி. நம்ம வண்டிக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கித்தான் வரோணும்.”

பெரியவர் தன் பெரிய வண்டி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

பட்டம் கட்டியாயிற்று, தாலியும் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். கிருபாகரன் போகவில்லை. வெயிலில் வாசலிலேயே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் மல்லிகைச் சரம் வாடித் தொங்க அந்தச் சிற்றூர்தி மெல்ல வந்து சேர்ந்தது. அதன் கதவை அவரே திறந்து, முதல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.