புகைவீட்டு ஜன்னல்

ஈப்போவில், சிலிபின் பகுதியில், சதாசிவத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள் வீரம்மா. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ரயிலேறி வந்தவள். புருஷன் இராமசாமிக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்கோர்ட்டு விசாரணைக்கு இன்னும் ஒன்பதே நாள். அங்கேயும் கையை விரித்துவிட்டால் ஆள் போய்விடுவான், அவ்வளவுதான்.

சதாசிவம் பதினாறு வருஷம் கோர்ட்டில் துபாஷியாக இருந்து, பொய்ச்சாட்சிகளை மொழிபெயர்த்தே அலுத்து வேலையை விட்டவர். பேச்சு குறைவு, கேட்பதற்கு மட்டும் அலுக்கவே மாட்டார். கூட இருந்த ஜெயபாலன் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவன். அவன் நேர் எதிர். கதை பாதி நடக்கும்போதே குற்றவாளியைப் பிடித்துவிடுவான். என்ன, பெரும்பாலும் தப்பான ஆளைப் பிடிப்பான்.

"உக்காரும்மா. மொதல்லேருந்து சொல்லு."

"தீவாளி முடிஞ்ச மறுவாரம்ங்கய்யா. மத்தியானம், பால் எடுத்து முடிஞ்ச நேரம். சீனின்னு ஒருத்தன், எங்க கூட பால் வெட்டுறவன், அவனைக் குன்னுக்கடியில யாரோ வெட்டிப் போட்டுட்டாங்க. அவனுக்கும் எங்க ஆளுக்கும் முந்துன வாரம் சண்டை. ஆனா அன்னைக்கு அவரு காய்ச்சல்ல லயத்து வீட்டுல சுருண்டு கெடந்தாரு. நாந்தான் கஞ்சி ஊத்துனேன். பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு தள்ளிட்டாங்கய்யா!"

கண்ணால் கண்ட சாட்சி ஒரே ஒருவன்: மாயாண்டி. குன்றின் மேலுள்ள புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போடுபவன். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன், சிவப்புத் தலைத்துணியோடு இராமசாமி வெட்டினான், முகம் நன்றாகத் தெரிந்தது என்று சத்தியம் செய்திருந்தான்.

"பொகையிலேயே நிக்கிறவன் கண்ணு மங்கியிருக்கும்லா!" என்று துள்ளினான் ஜெயபாலன்.

"இல்லண்ணே. மர உச்சியில இருக்கிற ஓணானைக்கூட காட்டுவான்," என்றாள் வீரம்மா, தன் வாயாலேயே புருஷன் கழுத்தை நெரிப்பதுபோல் தவித்துக்கொண்டு.

சதாசிவம் அவள் கொண்டுவந்த வழக்குக் காகிதத்தைப் புரட்டினார். "அது மட்டுமில்லே. மாசி மாசம் நீதிபதியே அந்த ஜன்னல்ல நின்னு பாத்திருக்கார். கீழே நிறுத்தின போலீஸ்காரர் மீசைகூட தெரிஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்கார்."

ஜெயபாலனின் முகம் தொங்கிப்போனது. நீதிபதியே பார்த்துவிட்டார் என்றால் இனி யார் பேச்சு எடுபடும்?

"அவங்க வந்தப்ப நீ எங்கே இருந்தே?"

"குடிக்கத் தண்ணி கொண்டு போனேன். மரத்தடியில நின்னுமே தொரைமாருக்கு வெயில் தாங்கல்ல, தொப்பியைக் கழட்டவே இல்ல. சருகு நொறுங்குற சத்தத்துல அவங்க பேசுனது ஒண்ணும் காதுல விழல்ல."

சதாசிவம் காகிதத்தை மடித்து வைத்தார். "ஜெயபாலா, நாளைக்கே தோட்டத்துக்குப் போலாம். கேஸை விசாரிச்ச இன்ஸ்பெக்டரும் வரட்டும்."

அது சித்திரை மாதம். மறுநாள் மத்தியானம், இன்ஸ்பெக்டர், மாயாண்டி, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி உடையப்பன் மூவரையும் சதாசிவம் புகைவீட்டுக்கு அழைத்துப் போனார். அவர்களுக்குத் தெரியாமல் வீரம்மாவைக் கீழே, சீனி விழுந்து கிடந்த இடத்தில், தலையில் சிவப்புத் துணியைக் கட்டி நிற்கச் சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. மனுஷர் சொன்னால்தான் என்ன!

வீரம்மா நின்றாள். மேலேயிருந்து மாயாண்டி "அதோ வீரம்மா!" என்று கத்திவிடுவானோ என்று காதைத் தீட்டிக்கொண்டாள். கத்தினால் புருஷன் கதை முடிந்தது. பொறுக்க முடியாமல் நிமிர்ந்து புகைவீட்டைத் தேடினாள்.

புகைவீட்டைக் காணோம். ஜன்னலும் இல்லை, கூரையும் இல்லை. தலைக்கு மேலே பால்மரத்து இலைதான். பட்டப்பகலில் இருட்டு கட்டியிருந்தது. அடப்பாவமே! மாசியில் இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நிற்பதும், பங்குனியில் துளிர்ப்பதும், சித்திரைக்குள் அடைத்துக்கொள்வதும் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? ஈப்போவிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்கவுமில்லை.

"அக்கா! மேல வாங்க!" ஜெயபாலன் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

மேலே மாயாண்டி வியர்த்துக் கொட்டி நின்றான். ஜன்னலுக்குக் கீழே பச்சைதான் தெரிந்தது.

"நீதிபதி பார்த்தது மாசி மாதத்து மொட்டை மரம்," என்றார் சதாசிவம் இன்ஸ்பெக்டரிடம். "கொலை நடந்தது ஐப்பசியில். அன்றைக்கும் மரம் இப்படித்தான் அடைத்திருந்தது. மாயாண்டி, பயப்படாம சொல்லு. அன்னைக்கு நீ என்ன பாத்தே?"

"கத்துன சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேங்க. எலைதான் தெரிஞ்சுச்சு. கொஞ்ச நேரத்துல கங்காணி மூச்சு வாங்க ஓடியாந்து, 'இராமசாமி சீனியை வெட்டிட்டான், செவப்புத் துணி கட்டியிருந்தான், பாத்தேல்ல'ன்னாரு. ஆமான்னேன். சொல்லச் சொல்ல நானே பாத்த மாதிரி ஆயிருச்சு. மாசியில இங்க நிறுத்துனப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அப்ப நெசமாவே பாத்திருக்கோம்னு நெனச்சுட்டேன்." அவன் அழுதுவிட்டான்.

சதாசிவம் கங்காணியின் பக்கம் திரும்பினார். "சீனி கிடந்ததைச் சாயங்காலம் மாடு தேடிப் போனவங்கதான் கண்டெடுத்தாங்கன்னு காகிதத்துல இருக்கு. மத்தியானமே உமக்கு யார் சொன்னது, கங்காணி?"

உடையப்பன் மெல்ல வாசல் பக்கம் நழுவப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் நகர்ந்து வாசற்படியை மறித்து நின்றார்.

ஒன்பதாம் நாள் மேல்கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. சிறை வாசலில் இராமசாமி எலும்பும் தோலுமாக வந்து நின்றான். வீரம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீ கஞ்சி ஊத்துனதைக் கடைசியில நம்பிட்டாங்களா, புள்ள?" என்றான்.

"எங்க நம்புனாங்க?" என்றாள் வீரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மரத்து எலையத்தான் நம்புனாங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."