புளித்த பீப்பாய்

காலையில் ஒர்னெல்லா வந்தபோது ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கல்லேசியோ காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மருந்துக்கடை இர்மா. ஊரில் எது நடந்தாலும் முதலில் சந்தேகப்படுகிறவள் அவள்.

ஒர்னெல்லா உட்காரவில்லை. அவளுடைய நெபியோலோ ஒயின் பீப்பாயில் யாரோ வினிகரை ஊற்றிவிட்டார்கள். மதியம் தூரின் நகரத்திலிருந்து ஒயின் வியாபாரி சுவை பார்க்க வருகிறார். அவர் வாங்காவிட்டால் திராட்சைத் தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றே ஆக வேண்டும் என்கிறார் சித்தப்பா செகோந்தோ. பத்திரம்கூடத் தயார்.

கல்லேசியோ நேற்றைய சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டார். மேசையில் மூன்று பேர்: அவள், சித்தப்பா, பீப்பாய்கள் இருக்கும் நிலவறையைக் கவனிக்கும் துல்லியோ. வியாபாரி குடிக்கப்போவது இதுதான் என்று சொல்லி, அந்தப் பீப்பாயிலிருந்து பிடித்த ஒயின் ஜாடியை அவள் வைத்தாள். சித்தப்பா மடமடவென்று சூப்பைக் காலி செய்தார். துல்லியோ அந்த ஊர் வழக்கப்படி தன் சூப்பில் ஒயினை ஊற்றி, ஒரு கரண்டி வாயில் வைத்ததும் துப்பினான். பிறகு பார்பெரா என்ற வேறு ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். சித்தப்பா இன்னொரு தட்டு சூப் வாங்கி, அதில் பார்பெராவை ஊற்றிக் குடித்தார்.

"துல்லியோதான்," என்றாள் இர்மா. "காலைல அவனைப் பாத்தேன். சட்டைக் கையெல்லாம் வினிகர் வாசம்."

"துப்பினவன் எதுல வாயைத் துடைப்பான்?" என்றார் கல்லேசியோ. அந்த வீட்டு நிலவறை பூட்டப்படுவதே இல்லை என்பதையும் நினைவூட்டினார்.

மதியத்துக்குள் எல்லோரும் ஒர்னெல்லாவின் சமையலறையில் இருந்தார்கள். மேசைமேல் பத்திரம், பேனா, நேற்றைய ஜாடி. அடுப்பில் சூப் கொதித்தது. துல்லியோ கதவோரம் தலைகுனிந்து நின்றான்.

"ஒர்னெல்லா, உங்க சித்தப்பா ஒயின் ஊத்தாம சூப் சாப்பிட்டு நீ என்னைக்காவது பாத்திருக்கியாம்மா?" என்றார் கல்லேசியோ.

அவள் யோசித்தாள். "இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நேத்துதான்."

"யாரும் வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஜாடி இவருக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு."

"வயிறு சரியில்ல," என்றார் செகோந்தோ.

"ரெண்டாவது தட்டுக்குச் சரியாயிடுச்சாக்கும்?"

இர்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். விற்பனையை முடித்துக்கொடுத்தால் பக்கத்துத் தோட்டக்காரர் என்ன தருவதாகச் சொன்னார் என்று கல்லேசியோ செகோந்தோவைக் கேட்டார். செகோந்தோ மேசைமேலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார்.

துல்லியோ தொண்டையைச் செருமினான். "பீப்பாய் குறையுறப்ப ஊத்தி நிரப்ப அதே ஒயினைக் கண்ணாடிக் கலத்துல தனியா வெச்சிருக்கேன். அதை யாரும் தொடல. வியாபாரி அதைக் குடிச்சுப் பாக்கட்டும்."

"எடுத்துட்டு வாங்க," என்றாள் ஒர்னெல்லா. "நடந்ததையும் அவர்கிட்ட சொல்லிடறேன். வாங்கினா சரி. வாங்கலன்னாலும் தோட்டம் விற்பனைக்கு இல்ல."

சூடான சூப்பை ஒரு தட்டில் எடுத்துவந்து பத்திரத்தின் மேலேயே வைத்தாள். நேற்றைய ஜாடியைச் சாய்த்து, தட்டு நிறையும்வரை ஊற்றினாள். பத்திரம் சிவந்தது.

"சாப்பிடுங்க சித்தப்பா."

செகோந்தோ கரண்டியைத் தொடவில்லை.