வாயில் வைத்துக் காப்பவள்

பாப்பாவின் தலைமுடி ஈரமாக இருந்தது.

குளித்திருக்கவில்லை. வெளியே மழையும் இல்லை. மாலை முழுவதும் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள், அவன் சமையலறையில் பாலைச் சூடுபண்ணி எடுத்துவருவதற்குள் உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். போர்வை கழுத்துவரை ஏறியிருந்தது, கண்கள் திறந்திருந்தன, உச்சியிலிருந்து நுனிவரை முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கையால் வழித்துப் பார்த்தான். தண்ணீர் இல்லை. கொழகொழவென்று விரலோடு நீண்டு வந்தது. முகர்ந்தான். பாசி வாசனை. அதற்கு அடியில் வெதுவெதுப்பாக இன்னொன்று, தூங்கி எழுந்தவரின் வாய் வாசனை.

"மீன் தொட்டிக்குள்ள தலைய விட்டியா?"

"இல்லப்பா."

"பின்ன?"

"அம்மா தூக்கிட்டு வந்து விட்டா. மணி ஆறாயிடுச்சுல்ல."

அவன் துண்டை எடுத்துத் துவட்டிவிட்டான். அவள் அம்மா இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. மூன்றே நாள் காய்ச்சல். கடைசி மாலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவ நான் பாத்துக்குறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். ஜுர வேகத்தில் மாற்றிச் சொல்கிறாள் என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு அழுகை வரவில்லை. கட்டட வரைபடம் போடுவது தொழில். வீட்டிலேயே உட்கார்ந்து போட்டான், சமைத்தான், பாப்பாவுக்குப் பின்னல் போட்டுவிட்டான். எல்லாம் கை செய்தது.

மீன் தொட்டி, மனைவி பாப்பாவுக்குக் கொடுத்திருந்த வாக்கு. அதைக் காப்பாற்றத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். பாப்பா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சிக்லிட் மீன்களின் வரிசையை விட்டு நகரவே இல்லை.

"சிக்லிட்டுன்னாலே ரவுடிக் குடும்பம் சார்," என்றார் கடைக்காரர். பனியன் முழுக்கத் தண்ணீர். தொப்பை தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. "ஆனா அதுலயும் சாதுவா நாலு பேர் இருக்காங்க. மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிச்சு எடுக்கணும். இந்த ஏஞ்சல் ரெண்டு போடுங்க, கௌரவமா நடந்துக்கும். இதோ விலாவுல சாவித்துளை மாதிரி புள்ளி இருக்கே, இது நாலு. இதைவிடப் பயந்தாங்கொள்ளி ஒலகத்துல கெடையாது. அப்புறம் இந்தக் கிரிப் ஜோடி."

பெண் கிரிப்புக்குச் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வயிறு மட்டும் பழுத்த நாவல் நிறத்தில் இருந்தது.

"இது சாதுவா?" என்று கேட்டான்.

"முட்டை வைக்கிற வரைக்கும் தங்கம் சார்."

"வெச்சா?"

"அடிதடி வந்தா ஒரு வழி இருக்கு. கல்லு, செடி எல்லாத்தையும் பிடுங்கி இடம் மாத்தி வெச்சிடுங்க. எது யார் வீடுன்னு எவனுக்கும் தெரியாது. வீடு இல்லாதவனுக்கு ரோஷம் வராது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "என் மாமியார் வந்து எங்க வீட்டுல அதைத்தான் பண்ணாங்க."

இரண்டாவது வாரம் கிரிப் ஜோடி, கவிழ்த்துவைத்த சின்ன மண்சட்டிக்குள் முட்டை வைத்தது. ஒரு வாரத்தில் குட்டிகள் வெளியே வந்தன, மிளகுத்தூளை ஊதிவிட்டது போல ஒரு சின்னப் புகைமூட்டம். அன்றே கொலை தொடங்கியது.

முதலில் வால். பிறகு செதில். கடைசியாகக் கண். நாலு சாவித்துளை மீன்களும் பயத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பேறி, தொட்டியின் மேல்மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டன. அங்கேயும் பெண் கிரிப் வந்தாள். தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய மீனை முட்டித் திருப்பி, விழியை மட்டும் குறிபார்த்துக் கொத்தினாள். காலையில் ஒரு மீன், இரண்டு கண்குழியும் வெறுமையாக, செவுள் மட்டும் திறந்து மூடியபடி மிதந்தது. அவன் அதை வலையில் எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பால்கனித் தரையில் வைத்துக் குதிகாலால் அழுத்தினான். நொறுங்கும் ஓசை கேட்டது. எதுவும் தோன்றவில்லை. மூன்று நாளில் நாலு முறை அழுத்தினான். பிறகு ஏஞ்சல் ஒன்று. மிஞ்சிய ஏஞ்சல், துடுப்பெல்லாம் கிழிந்து மேல்மூலையில் செங்குத்தாக நின்றது.

மாலை ஆறு மணிக்குத் தொட்டி விளக்கு டைமரில் தானாக அணையும். அந்த நேரத்தில் பெண் கிரிப், மேயப்போன குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் உறிஞ்சி எடுத்து, சட்டிக்குள் கொண்டுபோய்த் துப்பும். ஒன்றுவிடாமல். பாப்பா தினமும் பார்ப்பாள்.

"அம்மாவும் இப்பிடித்தான்," என்றாள், அந்த ஈரத் தலையோடு.

"எப்பிடி?"

"இருட்டா இருக்கும். சூடா இருக்கும். நாக்கு மெத்துமெத்துன்னு இருக்கும்ப்பா. பல்லு படவே படாது."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். டைமர் சொடுக்கியது. பிடித்திருந்த கை வழுக்கியது, சோப்பு போல, அவ்வளவுதான். உள்ளறைக்கு ஓடினான். பாப்பா கட்டிலில் இருந்தாள். குனிந்து தூக்கப்போனபோது முழங்கைக்குக் கீழே எதுவோ வந்து மோதியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கனம் மட்டும், ஈரக் கனம். பிறகு வலி. விளக்கைப் போட்டுப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வளைந்து வளைந்து இரண்டு வரிசைப் பல் தடம், ரத்தம் புள்ளிபுள்ளியாய். மனிதப் பற்கள். முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளிகூட இருந்தது. அந்த இடைவெளியை அவனுக்குத் தெரியும். வாயின் அகலம்தான் அவன் அறிந்ததாக இல்லை.

"கிட்ட வராதப்பா," என்றாள் பாப்பா. "உன்னை அவளுக்கு அடையாளம் தெரியல."

மறுநாள் காலை அவளை நாலு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், பாப்பாவ வந்து கூட்டிட்டுப் போனியா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா கொறைஞ்சா போயிடுவ? சாப்பாடு பிசைஞ்சு வெச்சுட்டு வீடெல்லாம் தேடுறேன்."

"ஆமாக்கா," என்றான். வேறென்ன சொல்ல? உள்ளறைக் கதவைத் திறந்தான். பாப்பா கட்டிலில் இருந்தாள், முடி சொட்டச் சொட்ட. இரண்டடி வைப்பதற்குள் அவன் இடது காதின் கீழ்ப்பாதி போய்விட்டது. தையல் போட்ட டாக்டரிடம் நாய் என்றான். தெருநாயா, வீட்டுநாயா என்று டாக்டர் கேட்டார். வீட்டுநாய் என்றான்.

அதற்குப் பிறகு அவன் சமையலறை மூலையில், குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பாயை விரித்துப் படுத்தான். இரண்டாம் நாள்தான் உறைத்தது. அந்த ஏஞ்சல் மாதிரி.

அன்றைக்குத்தான் கடைக்காரர் சொன்ன வழி நினைவுக்கு வந்தது.

முதலில் தொட்டியில் செய்து பார்த்தான். காலை பதினொரு மணிக்குக் கல்லையெல்லாம் எடுத்து எதிர்ப்பக்கம் அடுக்கினான், செடிகளைப் பிடுங்கி நட்டான், சட்டியை வெளியே எடுத்தேவிட்டான். கலங்கல் தெளிந்தபோது கிரிப் ஜோடி நடுத்தண்ணீரில் திகைத்து நின்றது. யாரையும் துரத்தவில்லை. மேல்மூலையிலிருந்து ஏஞ்சல், ஒரு வாரத்தில் முதல்முறையாக, மெல்லக் கீழே இறங்கி வந்தது.

அவன் சிரித்தான். எழுபத்து நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்து, எல்லாவற்றுக்கும் புது இடம் குறித்தான். பீரோவை உள்ளறையிலிருந்து கூடத்துக்கு இழுத்தான். தரையெல்லாம் கோடு விழுந்தது. சோபாவைச் சமையலறை வாசலுக்கு. திரைச்சீலைகளைக் கிழித்து இறக்கினான். கட்டில் கதவுக்குள் அடங்காது என்று தெரிந்ததும் சுத்தியலை எடுத்தான். சட்டம் பிளந்தது. பலகை பிளந்தது. காதுத் தையல் விட்டு ரத்தம் கழுத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. அடிக்க அடிக்க உடம்பில் ஏதோ திரும்பி வந்தது, கோபமா துக்கமா என்று பிரிக்க முடியாத ஒன்று, அவன் மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தான். இடம் என்னுது. பிள்ளை என்னுது. நீ போ.

பாப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கட்டில ஏம்ப்பா உடைக்கிற?"

"புதுசு வாங்கலாம்டா."

"அப்ப அம்மா எங்க துப்புவா?"

அவன் காதில் விழுந்தது. கை நிற்கவில்லை.

ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. உடைந்த பலகைகள் பால்கனியில், உள்ளறை வெறும் நாலு சுவர். முகம் கழுவிக்கொண்டு வந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் குட்டிகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. பெண் கிரிப் மட்டும் தொண்டை புடைத்து, சட்டி இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாய்க்குள் கருப்பாய்ச் சின்னச் சின்னக் கண்கள் நெளிந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

கடைக்காரரைப் போனில் கூப்பிட்டான்.

"மாத்தி வெச்சேங்க. சண்டை நின்னுடுச்சு. ஆனா குட்டியெல்லாம் வாயிலயே வெச்சிருக்கு."

மறுமுனையில் மோட்டார் சத்தம். பிறகு குரல் மாறியது. "குட்டி இருக்கும்போதா மாத்துனீங்க? என்ன சார் நீங்க. புது மீன் விடும்போதுதானே அதைப் பண்ணணும். கூட்டைக் கலைச்சா அதுக்குப் பைத்தியம் பிடிச்சிடும் சார். வைக்க இடம் இல்லேன்னா..."

அவன் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் கிரிப் சுற்றுவதை நிறுத்தினாள். அசையாமல் நின்றாள். தொண்டை ஒருமுறை மேலேறி இறங்கியது.

தட்டையானது.

"...முழுங்கிடும்," என்றார் கடைக்காரர்.

போன் கீழே விழுந்தது. பாப்பாவை இரண்டு கையாலும் இறுக்கி நெஞ்சோடு அணைத்தான். அவள் உச்சியில் மஞ்சள் ஹேர்கிளிப். எழுந்து வாசல் பக்கம் ஓடினான். பீரோ குறுக்கே நின்றது. அவன் வைத்த பீரோ.

டைமர் சொடுக்கியது.

கைகளுக்குள் ஈரம் மட்டும்.

"பாப்பா!"

உள்ளறைக்குள்ளிருந்து குரல் வந்தது. தரையிலிருந்து அல்ல. கூரைக்குச் சற்றுக் கீழே, கிழக்குச் சுவர் பக்கத்திலிருந்து, போர்வைக்குள் முகம் புதைத்துப் பேசுவதுபோல.

"அப்பா, கட்டில் எங்கன்னு அம்மா கேக்குறா."

அறை இருட்டு. பாசி வாசனை. சுவரை ஒட்டி ஈரமாக எதுவோ உரசிக்கொண்டே நகர்ந்தது. வடக்குச் சுவர். மேற்குச் சுவர். குரலும் கூடவே நகர்ந்தது. தெற்கு. மறுபடி கிழக்கு.

"அப்பா, இங்க இடம் பத்தல."

அவன் பால்கனிக்குப் பாய்ந்தான். உடைந்த பலகைகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஆணிகள் உள்ளங்கையில் ஏறின. கட்டில் இருந்த இடத்தில் முழங்காலில் விழுந்து பலகையைப் பலகையோடு சேர்த்தான். சேரவில்லை. சட்டத்தை நிறுத்தினான். சாய்ந்தது.

"இங்கதான். இதோ. இதோ பாரு, இங்கதான் இருந்துச்சு."

மேலே ஒரு சுற்று. அவன் முதுகில் சொட்டு விழுந்தது, வெதுவெதுப்பாக.

"இங்க துப்பு. துப்பிடு. நான் போயிடுறேன். வீட்டை விட்டே போயிடுறேன்."

இன்னொரு சுற்று.

"அப்பா..."

பிறகு உரசல் நின்றது. நேர் மேலே. அவன் அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஈரமான, நீண்ட, ஒரே ஒரு விழுங்கும் ஓசை.

அவன் இரண்டு கையையும் ஏந்தியபடி இருந்தான். வெகுநேரம் அப்படியே. பலகைமேல் டக்கென்று எதுவோ விழுந்தது.

மஞ்சள் ஹேர்கிளிப். ஈரமாக.

துப்பியது அதை மட்டும்தான்.