ஆணியில் தொங்கிய பச்சைக் கவுன்

வாடகைக்குத் தந்த நைலான் சட்டை ஈரமாக இருந்தது. அரையாண்டு விடுமுறை என்றாலும் மார்கழிப் பனிக்கு அஞ்சி அன்று அந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்கு அவர்களைத் தவிர எவரும் வந்திருக்கவில்லை. ஒரு குழந்தையும் உடுத்தாத சட்டை எப்படி நனையும் என்று சகாய பிரியாவுக்கு விளங்கவில்லை.

"இன்னாக்கா, சொட்டச் சொட்டத் தர்றீங்க?"

"இந்தப் பனியில எங்கம்மா காயுது?" என்றாள் உடை கொடுக்கும் அஞ்சம்மாள். "எப்படியும் தண்ணியிலதான எறங்கப் போவுது பாப்பா. கவுனக் குடு, மாட்டி வெக்கிறேன்."

அங்கே உடைக்கு அடையாளச் சீட்டு கிடையாது. குழந்தையின் சொந்த உடையை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டு நீல நைலான் சட்டையும் தொப்பியும் தருவாள். சட்டை திரும்பி வந்தால்தான் ஆணியில் இருப்பது இறங்கும். மகள் ஜெசியின் பச்சைக் கவுனுக்குப் பக்கத்து ஆணியில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கவுன் தொங்கியது. தோள்பட்டையில் தூசி படிந்து, மடிப்புகளில் நிறம் வெளுத்திருந்தது.

"இது யாருதுக்கா?"

அஞ்சம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "யாரோ உட்டுட்டுப் போனது. சட்ட இன்னும் வரல. வந்தா வாங்கிக்கினு போவாங்க."

சென்ற மழைக்காலத்தில் எட்டு வயது ஜெசி மார்பில் சளி கட்டி, மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுக்குத் திணறியபோது, பிரியா இரண்டு வாக்குகள் கொடுத்திருந்தாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு மகளின் முடி. மகளுக்கு, இந்தப் பூங்காவின் அலைக்குளத்தில் ஒரு நாள். முதல் வாக்கு போன மாதம் நிறைவேறியது. மழித்த தலையில் இப்போதுதான் வெல்வெட்டுப் போல முடி அரும்பியிருந்தது. அந்தத் தலையில் குளிர் இறங்கிவிடக் கூடாதே என்று தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்தில், குயில் குஞ்சை வளர்க்கும் காக்கையின் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

"தன் புள்ள எதுன்னு கூடத் தெரியாதா? மக்கு காக்கா!" என்று ஜெசி சிரித்தாள்.

"குளிருதுன்னு கத்துனா அணைச்சிக்கும்டி. மூஞ்சியப் பாத்துக்கினா இருக்கும்?"

பொழுது சாயத் தொடங்கியபோது, சறுக்குக் குழாய்களின் உச்சியிலிருந்து இறங்கியதுபோல் பனி மெல்ல மெல்லத் தாழ்ந்து, அலைக்குளத்தின் மறுகரையை முதலிலும் நடுநீரைப் பிறகும் விழுங்கிக்கொண்டு வந்தது. மருந்து கலந்த நீரின் நெடிக்கு அடியில், நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல் பாசியும் சேறும் மணத்தன. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை. ஜெசியின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. யாருக்கோ பதில் சொல்லும் குரல்.

"யாருகிட்டடி பேசற?"

"இந்தப் பாப்பாகிட்டம்மா. இவளுக்கு ரொம்பக் குளிருதாம்."

கரையில் நின்ற பிரியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தண்ணீர்தான் தெரிந்தது. அப்போது ஜெசி இருமினாள். மருத்துவமனையில் கேட்ட அதே இருமல். பிரியா துண்டை விரித்துப் பிடித்தாள்.

"போதும்! ஜல்தி ஏறு மேல!"

நீலச் சட்டையும் தொப்பியுமாகக் குழந்தை பனியை விலக்கிக்கொண்டு ஏறி வந்தது. பற்கள் தந்தியடித்தன. முகத்தைப் பார்க்கவும் பொறுக்காமல், தலையோடு துண்டைப் போர்த்தி, வாரித் தூக்கிக்கொண்டு உடை தரும் இடத்துக்கு ஓடினாள். தோளில் கிடந்த உடம்பு பனிக்கட்டியாக இருந்தது. கனமாகவும் இருந்தது.

"மாதாவே, மறுபடியும் ஜுரம் வராமப் பாத்துக்கோ" என்று முணுமுணுத்தபடி, துண்டுக்குள்ளிருந்து ஈரச் சட்டையை உருவி அஞ்சம்மாளிடம் நீட்டினாள். அங்கேயே உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்தி, துண்டுக்குள்ளேயே தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

அஞ்சம்மாள் சட்டையை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு சிவப்புக் கவுனை ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நம்பளுது பச்சைக்கா."

"இது நான் உனக்குக் குடுத்த சட்ட இல்லம்மா." அஞ்சம்மாள் அதை விரித்துக் காட்டினாள். "பாசி புடிச்சிருக்குது பாரு. இது அந்தச் செவப்புக் கவுனுக்கு வராம இருந்த பழைய சட்ட."

பிரியாவின் கைகள் துவட்டிக்கொண்டே இருந்தன. துவட்டத் துவட்ட ஈரம் குறையவில்லை. துண்டின் ஓரமாக ஏதோ வழிந்து மணிக்கட்டில் விழுந்தது. சில்லென்று. நீளமாக.

முடி.

கைகள் நின்றன.

முழங்கை நீளத்துக்கு முடி. இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா..." என்று குளத்தின் பக்கமிருந்து ஜெசி அழைத்தாள். "துண்டு குடும்மா. குளிருது."

"அம்மா" என்றது துண்டு. "குளிருது."

பிரியா எழ முயன்றாள். இரண்டு சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. கால்கள் தரையை விட்டு எழவில்லை.

"அக்கா, எம் பொண்ணு! தண்ணியில எம் பொண்ணு இருக்கறா! ஓடுங்கக்கா!"

அஞ்சம்மாள் ஓடினாள். பனிக்குள் நுழைந்தாள்.

அலை வருவதற்கு முன் ஊதும் சங்கு ஊதியது. அலையை எழுப்பும் விசையருகே எவரும் இல்லை. தண்ணீர் எழும்பும் ஓசை. ஓர் இருமல். இன்னொரு அலை. பிறகு இருமல் இல்லை.

"பாப்பா! பாப்பா!" என்று அஞ்சம்மாள் கூவுவது எங்கோ தொலைவில் கேட்டது.

பிரியாவின் கழுத்தில் கிடந்த கைகளில் ஒன்று மட்டும் நீண்டு, மேசைமேல் இருந்த சிவப்புக் கவுனைப் பற்றி இழுத்துக்கொண்டது. அவளுக்கு எதிரே, ஆணியில், பச்சைக் கவுன் அசையாமல் தொங்கியது. காலையில் அவளே இஸ்திரி போட்ட கவுன். உலர்ந்த கவுன்.

அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பிறகு இன்னொன்று.