செள் ஏறாத கை

வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள், அவனைத் தவிர.

தையல்காரிக்கு அது முதலில் உறைக்கவில்லை. உறைக்க நேரம் ஏது? கொல்லையில் ஒன்பது கோழிகள். ஒவ்வொன்றின் கொண்டையும் வெளுத்துக்கொண்டே வந்தது, முட்டை நின்றுபோனது, பொழுது சாய்ந்தால் கூண்டுக்குள் போகமாட்டோம் என்று வாசலிலேயே நின்று முரண்டு பிடித்தன. அடுத்து மகளின் கழுத்தில் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. அடுத்து இவளுடைய முழங்கையில், இடுப்பில். மிஷினில் உட்கார்ந்தால் ஒரு கை துணியில், ஒரு கை முதுகில். அந்த ஐந்து வயதுக் குழந்தை தூக்கத்திலும் பரக் பரக் என்று சொறிந்துகொண்டே கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவள் எழுந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

ஆனால் கூண்டைக் கூட்டுவது, எச்சத்தை அள்ளுவது, கோழிகளை அடைப்பது எல்லாம் அவள் புருஷன். கொத்தனாரான அவன் உடம்பில் ஒரு கடி இல்லை.

"உங்களை மட்டும் ஏங்க விட்டு வெச்சிருக்கு? என் ரத்தம் என்ன தித்திக்குதா?" என்று கேட்டாள்.

முன்பெல்லாம் இப்படி வாயைக் கொடுத்தால் அவன் சும்மா விடமாட்டான், ஒன்றுக்கு இரண்டாய்த் திருப்பிச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்வான். இப்போது ஒரே வார்த்தைதான் வந்தது.

"தெரியலையே," என்றான்.

அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்த ஆள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முகம்வரை துணியை இழுத்து மூடிவிட்டுக் கையெழுத்துக்கு இவளைக் கூப்பிட்டுவிட்டாள். இவள் பேனாவைக் கையில் வாங்கும்போதுதான் அந்தத் துணி அசைந்தது. போன ஆள் திரும்பி வந்ததே பெரிய விஷயம். பேச்சு குறைந்தால் என்ன, கை சில்லென்று இருந்தால் என்ன? மருந்து வேகம் என்று நினைத்துக்கொண்டு ஆறு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

கால்நடை மருந்துக்கடைக்காரர் விளக்கமான மனிதர்.

"பேன் வேற, செள்ளு வேறம்மா. பேன் கோழி மேலயே குடித்தனம் பண்ணும். செள்ளு, ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி, அப்படி இல்ல. பகல்ல கட்டை இடுக்குல தூங்கிட்டு, இருட்டினா சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து வரும். ஒரு பவுடர்லயே ரெண்டையும் முடிச்சிடலாம். முட்டை பொரிச்சு மறுபடி கிளம்பும், பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை போடுங்க."

"மனுஷங்க மேலயும் ஏறுமா?"

"சூடும் மூச்சும் இருந்தா எது மேலயும் ஏறும். கல்லு மேலயா ஏறப்போவுது?"

"எங்க வீட்டுக்காரர் மேல மட்டும் ஏறவே இல்லைங்க."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "கூண்டுல கை வைக்கிறவரா? வாய்ப்பே இல்ல. நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்துவிட்டால் போகிறது. அவன் கையில் ஒரே ஒரு தடிப்பு இருந்தால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

கோழிகள் கட்டையில் அமர்ந்து அடங்கிய பிறகுதான் மருந்து போட வேண்டும், அப்போதுதான் திமிறாது. குழந்தையை உள்ளே படுக்க வைத்துவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, டார்ச்சை ஆணியில் மாட்டினாள். எச்சத்தின் காரமும் நனைந்த மரத்தின் புளித்த வாடையும் பவுடரின் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. அவன் முதல் கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். கோழி கத்தவில்லை. மற்றவை கட்டையின் மறுகோடிக்கு ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தன.

அவள் இறக்கையை விரித்து, சிறகைப் பிரித்து, பவுடரைத் தூவித் தேய்த்தாள். தோல் முழுக்கப் பொடிப்பொடியாகச் செள் ஊர்ந்தது. மருந்து பட்டதும் அத்தனையும் கிளம்பின. வயிற்றைக் கடந்து, தொடையைக் கடந்து, மஞ்சள் காலில் மேலே ஏறி அவன் விரல்களை நோக்கி ஓடின.

விரலுக்கு ஒரு நெல்லளவு முன்னால் நின்றன.

பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின் மேல் ஏறிக் குவிந்தன. ஒன்றுகூட அந்தத் தோலைத் தொடவில்லை. பிறகு மொத்தமும் திரும்பி, வந்த வழியே, மருந்துக்குள்ளேயே இறங்கிப்போய்ச் செத்தன. தப்பித்தவை அவளுடைய மணிக்கட்டில் ஏறின.

"கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க," என்றாள்.

அவன் கோழிக் காலில் பிடியைக் கீழே இறக்கினான். செள்கள் பின்வாங்கின.

இரண்டாவது கோழி. மூன்றாவது. அப்படியேதான். அவளுக்குப் பயமாக இருந்தது, கட்டிய புருஷனைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நிமிர்ந்தாள். அவன் கோழியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க. கண்ணுல மருந்து பட்டுடுச்சு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இப்போதே. வீடெல்லாம் செள்ளு, நாலு நாள் இருந்துவிட்டு வருகிறோம் என்றால் அவனும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்பதாவது கோழியை முடிக்கும்போது அவள் மனதில் எல்லாம் தயாராக இருந்தது.

"நீ கை கழுவிட்டு வா. நான் குட்டிகிட்ட இருக்கேன்," என்றான் அவன்.

"வேணாங்க, நானே..."

போய்விட்டான்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் முழங்கைவரை விஷம். இந்தக் கையோடு பிள்ளையைத் தூக்குவதா? குழாயைத் திறந்து சோப்புப் போட்டாள். நகக்கண்ணைத் தேய்த்தாள். மறுபடி சோப்பு. ஜன்னல் வழியே பரக் பரக் என்று சொறியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை பயமில்லை என்று ஏனோ தோன்றியது. மூன்றாம் முறை சோப்பை எடுத்தாள்.

சத்தம் நின்றது.

ஈரக் கையோடு ஓடினாள்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் வெள்ளை விரிப்பு. குழந்தை மல்லாந்து கிடந்தாள். அவன் அருகில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை குழந்தையின் நெஞ்சின் மேல்.

"இனிமே அரிக்காது," என்றான்.

விரிப்பில் ஒரு சிவப்புக் கோடு. மெல்லிய கோடு. அசைந்தது. குழந்தையின் கழுத்திலிருந்து கிளம்பியது. தலைமுடிக்குள்ளிருந்து வந்தவையும் அதில் சேர்ந்துகொண்டன. விரிப்பைத் தாண்டி, கட்டில் காலில் இறங்கி, தரைக்கு வந்தது. இடுக்கைத் தேடவில்லை. சுவருக்குப் போகவில்லை. வாசற்படியை நோக்கி வந்தது.

அவளை நோக்கி.

குழந்தை கண்ணைத் திறந்தாள். சிரித்தாள்.

"அம்மா, அப்பா கை வெச்சதும் சரியாயிடுச்சு."

அவன் கைக்குக் கீழே அந்தச் சின்ன மார்பு ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

தையல்காரி வாசல் நிலையைப் பற்றிக்கொண்டாள். கோடு அவளுடைய பெருவிரலைத் தொட்டது. ஏறத் தொடங்கியது. கணுக்கால். கெண்டைக்கால். வந்துகொண்டே இருந்தன.

கட்டிலில் அவன் சற்று நகர்ந்து இடம் விட்டான். இன்னொரு கையை அவள் பக்கமாக நீட்டினான்.