கைத்தடிக்கு இருபது சதவீதம்

"ரசீது சேர்த்து வைக்கிறவன் எவனும் நிம்மதியா செத்ததா சரித்திரமே இல்ல, சார்!"

டுவைட் இதைப் பரம சீரியஸாகச் சொன்னான்.

ஆதாரம் பக்கத்திலேயே கிடந்தது.

மச்சான் ஆர்லோ. வாசல் பனியில், குப்புற... நரைத்த மண்டை பிளந்து!

டொலீடோ நகரப் போலீஸ்காரர் நிமிர்ந்தார். "என்ன ரசீது?"

"இருமல் மருந்து வாங்கினாக்கூட ரசீதை ஷூ டப்பாவுல பூட்டி வைப்பான். ஹெல்த் சேவிங்ஸ் கணக்காம்! வைத்தியத்துக்கு மட்டும் எடுத்தா வரி கிடையாதாம்! வரி ஆபீஸ்ல கேட்டா காட்டணுமாம்! எனக்கும்தான் அந்தக் கணக்கு இருக்கு. ஒரு துண்டுச்சீட்டு வெச்சிருக்கேனா?"

"பனியில வழுக்கியிருப்பார், பாவம்."

டுவைட் உள்ளுக்குள் விசிலடித்தான். ஆர்லோ பிரம்மச்சாரி. வீடு இனி அவன் தங்கைக்கு.

தங்கை, டுவைட்டின் மனைவி!

அது டிசம்பர்.

ஏப்ரலில், ஊர் நடுவே உறைந்து கிடந்த மாமீ ஆறு உருகியது. எதையோ கரையில் துப்பியது...

போலீஸ் ஸ்டேஷனில் ஜன்னல் இல்லாத அறை. தரையோடு திருகாணி போட்டு இறுக்கிய நாற்காலி. கதவை மறித்தாற்போல் டிடெக்டிவ் லொரெய்ன்.

"பயப்படாதீங்க மிஸ்டர் டுவைட். ஏப்ரல்தானே, வரிக்கணக்கு காட்டற மாசம். உங்க வரி ரிட்டர்ன்ல ஒரு சின்ன சந்தேகம். உங்க மனைவிதான் நகல் கொடுத்தாங்க."

"அவளா?"

"8889-ன்னு ஒரு படிவம். ஹெல்த் கணக்குல எடுத்த பணம் முழுக்க வைத்தியச் செலவுன்னு போட்டிருக்கீங்க. டிசம்பர்ல ஒரு மெடிக்கல் கடையில நாற்பத்தோரு டாலர். என்ன வாங்கினீங்க?"

மனைவி கண்ணில் படாத ஒரே கார்டு அந்த ஹெல்த் கணக்கோடதுதான். அதனால்தான் அதைத் தேய்த்தான்...

"ஞாபகமில்ல மேடம். சிப்ஸ்... சோடா... அங்க அதுவும் விப்பாங்க..."

"நாற்பத்தோரு டாலருக்கா?"

"பெரிய பாக்கெட்."

"அப்ப வைத்தியச் செலவு இல்ல. வரி கட்டணும். அதுக்கு மேல இருபது சதவீதம் அபராதம்."

"இருபதா?!"

"ரசீது இருந்தா தப்பிக்கலாம். இருக்கா?"

டுவைட் கதவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். சுவர் ஒரு அடி நெருங்கி வந்திருந்தது.

"அபராதம் எட்டு டாலர் சொச்சம்தான். சிப்ஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கிளம்பலாம்."

பேனா கைக்கு வந்தது. ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் கதவு, கார், வீடு!

வேறு எந்தக் கொலைகாரனும் போட்டிருப்பான்.

டுவைட் கொலைகாரன்தான். ஆனால் அதற்கும் முன்னால், அமெரிக்கன்!

"அநியாயம் மேடம்! ஒரு சென்ட் தரமாட்டேன்! சுத்தமான வைத்தியச் செலவு! முட்டிவலிக்குக் கைத்தடி வாங்கினேன்!"



லொரெய்ன் மேஜைக்கடியிலிருந்து ஒரு நீளமான பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

கைத்தடி! அதே கடையின் ஸ்டிக்கர். பிடியின் விரிசலில் சிக்கிய நரைமுடி...

"ஆத்துல கிடைச்சது. இது உங்களுது இல்லன்னா, வீட்ல இருக்கிற உங்க கைத்தடியைக் காட்டுங்க. விட்டுடறேன்."

டுவைட் முட்டியைத் தடவிக்கொண்டான்.

"ஒரு நல்ல சேதி. அந்த அபராதம் நீங்க கட்ட வேண்டாம். கைத்தடி வைத்தியச் செலவுதான்!"

சிறைக்குள் இருந்த கடையில் டுவைட் தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கினான். வாங்கியும் நகரவில்லை.

"என்னய்யா?" என்றார் காவலர்.

சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சார்... ரசீது?"

"ஆயுள் கைதிக்கு எதுக்குய்யா ரசீது?"

வாங்கிய சீட்டை நான்காய் மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டான் டுவைட்.

"ஏப்ரல் ஜெயிலுக்கும் வரும் சார்!"